இருட்டில் கேட்ட குரல்

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ரயில் மலை ஏறத் தொடங்கியதும் கரிப்புகையும் நனைந்த இலைகளின் வாசனையும் ஒன்றாகக் கலந்து எங்கள் பெட்டிக்குள் வந்தன. லப்பைக்குடிக்காட்டில் பிறந்து, பருத்திக் காட்டையும் சோளக் காட்டையும் தவிர வேறு பச்சையைப் பார்த்திராத எனக்கு அந்த வாசனையே அதிசயமாக இருந்தது. சவுதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த அத்தா, மணலைப் பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்துவிட்டதென்று சொல்லி, அம்மாவையும் என்னையும் தம்பி யூசுபையும் அரியலூரில் ரயிலேற்றி, திருச்சி, கோயம்புத்தூர் என்று மாறி மாறி அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

அவர் "சபுரு" போனபோது (வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்) யூசுப் கைக்குழந்தை. நான்கு வயதில் அவனுக்குத் தெரிந்த அத்தா, வெள்ளிக்கிழமைதோறும் போனில் "யூசுப் ராஜா" என்று கொஞ்சும் குரல்தான். வந்திறங்கியவரை அவன் "மாமா" என்றான். இவர்தான் அத்தா என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அத்தா போன்ல இருக்காங்க" என்று ரிசீவரைக் காட்டுவான். போனில் அத்தனை கொஞ்சியவருக்கு நேரில் கூச்சம் வந்துவிட்டது. பிள்ளையிடம் யாரோ வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல அளந்து பேசினார். ரயிலில் அருவி வந்தது, அடிதெரியாத பள்ளத்தாக்கு வந்தது. அவன் அம்மாவின் மடியை விட்டு நகரவேயில்லை.

எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நடுக்காட்டில் வண்டி நின்றபோது அத்தா டீ வாங்க இறங்கினார். ஊதல் கேட்டது, வண்டி நகர்ந்தது, அவர் வரவில்லை. அந்த ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. பின்பெட்டியில் ஏறினாரா, காட்டிலேயே நின்றுவிட்டாரா என்று தெரியாமல் அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். அதற்குள் வண்டி குகைக்குள் நுழைந்துவிட்டது. இருட்டில் எல்லாரும் உற்சாகமாகக் கூச்சலிட, யூசுப் பயந்து வீறிட்டான். அந்த அழுகை பின்பெட்டி வரை எட்டியிருக்க வேண்டும்.

"யூசுப் ராஜா, பயப்புடாதீங்க. அத்தா பின்னாடிதான் இருக்கேன்."

அழுகை சட்டென்று நின்றது. "அம்மா, அத்தா பேசுறாங்க" என்றான் மெதுவாக.

வெளிச்சம் வந்து, வண்டி வளைவில் திரும்பியதும் பின்பெட்டி எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலில் அத்தா கையாட்டிக்கொண்டிருந்தார். யூசுப் அவரையே வெகுநேரம் பார்த்தான். அடுத்த ஸ்டேஷனில் ஆறிப்போன டீயோடு ஓடிவந்தவரின் மடியில் தானாக ஏறி உட்கார்ந்து, அவர் தொண்டையில் காதை வைத்து, "பேசுங்க" என்றான். "யூசுப் ராஜா" என்றார் அத்தா.

அதன்பின் ஊட்டி முழுக்க அவன் அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. விடுப்பு முடிந்து திருச்சி ஏர்போர்ட்டில் அவர் உள்ளே போனபோது தரையில் புரண்டு அழுதான். தூக்கப்போன என்னை அம்மா தடுத்துவிட்டார்.

"அழுவட்டும். போன தடவ யாரு போறாங்கன்னே அவனுக்குத் தெரியாது."

அத்தா ஒருவழியாக ஊரோடு திரும்பிவந்து, சில வருடங்கள் எங்களோடு இருந்து, மவுத்தாகி ஊர் மண்ணிலேயே அடங்கிவிட்டார். யூசுப் வெளிநாடே போகாமல் பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறான். எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது தினமும் செல்போனில் அத்தாவின் முகம் பார்த்தே வளர்கிறார்கள். எங்களிடமும் அத்தாவின் படங்கள் நிறைய இருக்கின்றன. அவர் பேசியது மட்டும் எதிலும் பதிவாகவில்லை.