சிவப்புக் கண்டென்சர் வழக்கு

வால்வு மாஸ்டர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் பழைய ரேடியோ வால்வுகளை வைத்து அவர் கட்டும் ஆம்ப்ளிஃபயர் பாட ஆரம்பித்தால், பட்டம் வாங்கிய இன்ஜினீயர்களே கைகட்டி நிற்பார்கள். எவரிடமும் போய்க் கற்றதில்லை. ஷாக் அடித்து அடித்து ஏறிய ஞானம். சர்க்யூட் முழுக்க அவர் மண்டையில் உதித்தது.

"சர்க்யூட்டை உங்க பேர்ல பதிவு பண்ணி வையுங்க மாஸ்டர், எவனாவது காப்பி அடிச்சிடுவான்" என்றார் அவருடைய முதல் வாடிக்கையாளரான பாட்டு வாத்தியார்.

"படமும் போட்டுக் குடுத்துட்டு, திருடாதேன்னும் சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

அதற்குப் பதிலாக மாஸ்டர் ஒரு கண்ணி வைத்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிவப்புக் கண்டென்சர். ஒரு கால் சர்க்யூட்டில், மறு கால் எதோடும் சேராத வெற்று முனையில். சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லை. சொந்தமாக யோசிப்பவன் அதை வைக்கமாட்டான். பார்த்துக் காப்பி அடிக்கிறவன்தான் வைப்பான். அது எதற்கு என்று கேட்ட வாடிக்கையாளர்களிடம் கண்ணி என்று சொல்ல முடியுமா? "பாட்டோட இனிப்பே அதுலதான் இருக்கு" என்று அடித்துவிட்டார்.

எலி விழுந்தது. அதுவும் வீட்டு எலி. மனைவியின் தம்பி அடுத்த தெருவில் கடை திறந்து, 'என் சொந்த டிசைன்' என்று பலகை மாட்டினான். மாஸ்டர் ஆள் விட்டு ஒரு பெட்டியை வாங்கித் திறந்தார். சிவப்புக் கண்டென்சர் பல்லைக் காட்டிச் சிரித்தது.

வியாபாரிகள் சங்கத்தில் விசாரணை. தலைவர் கடிகாரக் கடைக்காரர். முன்வரிசை முழுக்க மாஸ்டரின் வாடிக்கையாளர்கள். மச்சினனின் பலகை இறங்க வேண்டும், சர்க்யூட் தன்னுடையது என்று நாலு பேர் முன்னால் தீர்ப்பாக வேண்டும். மாஸ்டர் கேட்டது அவ்வளவுதான்.

"இந்தச் சிவப்பு சுத்த வெட்டிப் பொருள். இவன் பெட்டிக்குள்ள எப்படி வந்துது? கேளுங்க!"

மச்சினனுக்கு வியர்த்தது. "இனிப்புக்காக வச்சேன் மாமா. நானா யோசிச்சு வச்சேன்."

"இனிப்பாம்! அந்தக் கதையைக் கட்டிவிட்டதே நான்தாண்டா!"

சங்கத்துக்குக் கொண்டுவந்து பாடவிட்டிருந்த தன் பெட்டியிலிருந்து சிவப்பை எல்லார் கண்ணுக்கும் தெரிய வெட்டி எடுத்தார் மாஸ்டர். பாட்டு மயிரிழைகூட மாறவில்லை. மீசையை முறுக்கியபடி திரும்பினார்.

பாட்டு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போச்சே மாஸ்டர்! சப்புன்னு ஆயிடுச்சே!"

"ஆமா, உயிரே போச்சு" என்றது முன்வரிசை.

"யோவ், அது ஒண்ணுமே செய்யாதுய்யா! வச்சவன் நானே சொல்றேன்!"

"அடக்கமா பேசுறீங்க" என்றார் வாத்தியார். மாஸ்டரைப் பற்றி யாரும் அப்படியொரு வார்த்தை சொன்னது அதுவே முதல் தடவை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வேலை செய்யற பொருள்னு இத்தனை காது சொல்லுது. அப்போ ரெண்டு பேருக்கும் தனித்தனியா தோணியிருக்கலாம். பலகை இருக்கட்டும்."

வாசலில் கொதித்துக்கொண்டு நின்ற மாஸ்டரின் கையை வாத்தியார் ஓடி வந்து பிடித்தார். "அவன் ஆயிரம் வைக்கட்டும், உங்க கை வருமா? என் பெட்டியில இன்னொரு சிவப்பு சேர்த்துப் போட்டுக் குடுங்க மாஸ்டர்."

மறுபடியும் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். படியில் மச்சினன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"ரெண்டு போட்டா திகட்டும்" என்றார் மாஸ்டர், அவனுக்கும் கேட்கும்படி. "அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு."