விதைக்கு எடுத்த கூடுகள்

பார்மலின் வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும்போது மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருமாம். எனக்கு வருவது செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் கிணற்றை ஒட்டி இருந்த புழுக்கொட்டகைதான். எழுபதுகளின் கடைசியில், சோளமும் கடலையும் போட்டுச் சலித்துப்போயிருந்த எங்கள் பக்கத்து ஆட்களிடம், மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கலாம் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். புழுவை வளர்ப்பதும் ஒரு வெள்ளாமையா என்று ஊரே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மண்சுவர் வைத்துக் கொட்டகை போட்டார், மூங்கில் தட்டுகளை அடுக்கினார், கிருமி கொல்ல அவர்கள் கொடுத்த பார்மலினை மூலை முடுக்கெல்லாம் தெளித்துக் கதவைச் சாத்தினார்.

கை கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது, ஈர இலையைப் போடக்கூடாது என்பவை அதிகாரிகள் சொன்ன விதிகள். அப்பா தம் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கருவாடு தொட்ட கையோடு இலை பறிக்கக்கூடாது. மாதவிலக்கு நாட்களில், அதாவது "வீட்டுக்குத் தூரமாக" இருக்கும்போது, அம்மாவும் சித்தியும் கொட்டகையின் நிழலைக்கூட மிதிக்கக்கூடாது. அதிகாரிகள் சொன்னதில் ஒன்றிரண்டை அவர் மறந்தாலும் மறப்பாரே தவிர, தாம் சேர்த்ததில் ஒன்றையும் மறந்ததில்லை.

சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி, மதுரை டவுனில் வில்லாபுரத்துப் பெண். கல்யாணமாகி வந்து அதிக நாளாகவில்லை. புழுவைக் கண்டாலே அலறுவாள் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்றிவிட்டு, எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அதில் தேர்ந்துபோனாள். புழுக்கள் தோலுரிப்பதற்காகத் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும் சமயத்தை எங்கள் பக்கத்தில் "ஜுரம்" என்போம். ஜுரம் விட்டு எழுந்தவுடன் அவற்றுக்குப் பேய்ப்பசி எடுக்கும். அந்த நேரம் பார்த்து இலை விழவேண்டும். அந்த நேரத்தைச் சித்தி ஒருநாளும் தவறவிட்டதில்லை.

முதல் வெள்ளாமை அமோகமாக வந்தது. சிரித்தவர்கள் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த தடவைக்கு முட்டை வாங்க அரசு நிலையத்துக்குத்தான் வரவேண்டும் என்று அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. சோளத்தில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்கி, சாம்பல் கலந்து குலுக்கை என்னும் மண்குதிரில் வைத்த சம்சாரிக் குடும்பம் எங்களுடையது. அவருக்குத் தெரிந்த விவசாயமே அதுதான். "விதைய வெளிய வாங்குறவன் என்ன சம்சாரி?" என்று கேட்டுவிட்டு, கூடுகளில் கெட்டியானவையாகப் பொறுக்கித் தனித்தட்டில் பரப்பினார். பூச்சிகள் வெளியே வந்து, காகிதத்தின் மேல் கடுகு கடுகாக முட்டையிட்டன. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை நசுக்கி, சீக்கு இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பது அரசு நிலையத்து வழக்கம் என்று எப்போதோ அவர் காதில் விழுந்திருக்கிறது. பெற்றவளை நசுக்குவது பாவம் என்று முகம் சுளித்தவர், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விட்டார். அப்பா அத்தனை மென்மையாக எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முட்டைகள் பொரிந்தன. இரண்டாம் ஜுரம் முடிகிற தறுவாயில் வீட்டில் எல்லோரும் திருமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி வந்தது. காய்ச்சலில் கிடந்த நானும், தூரமாக இருந்த சித்தியும்தான் வீட்டில். அவர்கள் வரவேண்டிய பஸ் வரவில்லை. மத்தியானம் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்த சித்தி, புழுக்கள் எழுந்துவிட்டன, வெறும் தட்டை மோந்துகொண்டு அலைகின்றன என்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இலையை நறுக்கி உள்ளே போய்ப் போட்டாள். அன்று சாயங்காலமே அம்மாவிடம் அதைச் சொல்லியும்விட்டாள். வெளியே மூச்சு விடாதே என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கோளாறு ஆரம்பித்தது. ஒரே தட்டில் சில புழுக்கள் விரல் நீளம், சில இன்னும் நகத்தளவு. இலை போட்டது போட்டபடி வாடிக் கிடந்தது. சட்டையை உரிக்க முடியாமல் பாதியில் செத்தவை ஒரு பக்கம். உயிரோடு இருந்தவற்றின் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, கொட்டகைக்குள் தீட்டோடு போனது யார் என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்குமுன் சித்தி முன்னால் வந்து, புழு பசியில் கிடந்ததால் தான்தான் போனதாகச் சொன்னாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "நாளைக்கு இவள வில்லாபுரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார்.

எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படிக் கொண்டுபோய் விடப்பட்ட ஒருத்தி இருந்தாள். அவளைக் கூப்பிட்டுவர ஆள் போகவே இல்லை. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் துணிப்பையோடு வந்த சித்தியின் மறு கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. அதற்குள் இலையும் சீக்குப் புழுக்களும்.

"போறேன்க்கா. போற வழியில பட்டு ஆபீசுல இத காட்டிட்டுப் போறேன். என்ன சீக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே போறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பாவின் காதில் விழட்டும் என்றே சொன்னாள். நான் அவள் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. அம்மா என்னையும் அவளோடும் சித்தப்பாவோடும் அனுப்பிவைத்தாள்.

மதுரை ஆபீசில் இருந்த அதிகாரி ஒரு புழுவைச் சின்ன உரலில் ஏதோ தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் செருகினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. இன்னொரு புழுவை அரைத்தார். சித்தி தானும் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். தான் பார்த்த பிறகு என்னைத் தூக்கிக் காட்டினாள். குருணை அரிசியை வெளிச்சத்தில் கொட்டியதுபோல் மினுமினுவென்று நீள்வட்டமாய் எத்தனையோ கிடந்தன.

முட்டை எங்கே வாங்கினது என்று அதிகாரி கேட்டார். சித்தி வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சித்தப்பா, "அண்ணே நம்ம கூட்டுலயே விதைக்கு எடுத்தாரு" என்றார்.

கண்ணாடியில் தெரிந்தவை நோய்க்கிருமிகள், போன தடவையே கடைசி நேரத்தில் எங்கிருந்தோ நோய் தொற்றியிருக்கும், அதனால்தான் கூடு பார்க்க நன்றாக இருந்தது, தாய்ப்பூச்சி வழியாக முட்டைக்குள் போய்விட்டது என்று அதிகாரி விளக்கினார். இதற்கு மருந்து கிடையாது. அக்கம்பக்கத்துக் கொட்டகைகளுக்குப் பரவுமுன் எல்லாவற்றையும் கொளுத்திவிட வேண்டும் என்றார்.

"தூரமா இருக்கிற பொம்பள உள்ள போனா இது வருமா சார்?" என்று சித்தி கேட்டாள்.

அவர் சங்கடப்பட்டு மேசையைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. புழு பொரிக்கும்போதே சீக்கோடதான் பொரிச்சிருக்கு."

பஸ் நிலையத்தில் வில்லாபுரம் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் வழியாகப் போகும் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அவரும் பின்னாலேயே ஏறினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னது சித்தப்பாதான். "முட்டையிலயா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. பிறகு எழுந்து போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தாமே வெளியே தூக்கிவந்தார். உதவிக்குப் போன யாரையும் பக்கத்தில் விடவில்லை. நெருப்பு வைத்துவிட்டு அது அடங்கும்வரை அங்கேயே நின்றார். சித்தியின் துணிப்பை வாசற்படியிலேயே கிடந்தது. உள்ளே எடுத்து வை என்று அவர் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அம்மாதான் எடுத்து வந்தாள்.

அடுத்த முட்டை அரசு நிலையத்திலிருந்து வந்தது. பார்மலின் தெளித்து, புதுத் தட்டு வாங்கி எல்லாம் முறைப்படி நடந்தது. ஜுரம் விட்ட அன்றைக்கு அப்பா அம்மாவிடம், சித்தியை வந்து இலை போடச் சொல் என்றார். அடுப்படியில் இருந்த சித்தி, "என் கை பட்டு ஏதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது, அக்கா?" என்றாள். கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா மறுபடி கேட்கவில்லை. எங்களுக்குப் பட்டுப்புழு இருந்த அத்தனை வருஷமும் வீட்டு வேலை, காட்டு வேலை என்று எதையும் விட்டுவைக்காத சித்தி, அந்த வாசலை மட்டும் மிதிக்கவே இல்லை.

இப்போது நான் இருப்பது கே.கே. நகரில். கொட்டகை எப்போதோ இடிந்துபோனது, மல்பெரி நின்ற நிலத்தில் பிளாட் போட்டு வண்ணக் கல் நட்டிருக்கிறார்கள், கிணற்றையும் மூடிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. வில்லாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கும் சித்தியைப் போன மாதம் பார்க்கப் போனபோது, நிலத்தைப் பற்றிய பேச்சு எப்படியோ அந்தப் புழுக்களில் வந்து நின்றது. அப்பா ஒரு தடவையாவது அதைப் பற்றி உன்னிடம் பேசினாரா என்று கேட்டேன்.

"அந்தச் சீக்கு என்னால வரலன்னு உங்கப்பாவுக்குத் தெரியும் பாப்பா" என்றாள் சித்தி. "அத அவுக வாயால ஒருக்கா சொல்லுவாகன்னு கடைசி வரைக்கும் இருந்தேன். ஆஸ்பத்திரில கூட இருந்து பாத்தேன்ல, அப்பவும் சொல்லல."