செக்கர் மாமாவின் நாற்றுகள்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மாமா என்பேன். குடியிருப்பில் மற்றவர்களுக்கு அவர் செக்கர். யாரையும் சந்தேகப்படாமல் மூன்று நிமிஷம் பேச அவரால் முடியாது. கெட்ட எண்ணம் இல்லை, தொழில் பழக்கம்.

ஓய்வு பெற்ற முதல் மாதம் ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துக் காலாவதி தேதி பார்த்தார். இரண்டாவது மாதம் அக்காவின் சமையலறை அலமாரியில் கை வைத்தார். மூன்றாவது மாதம் அக்காவே போய், குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பொதுத் தோட்டத்தில் அவர் பேரில் ஒரு பாத்தி எழுதி வாங்கிவிட்டாள். நான்கு கதவுகளைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்த அளவு இடம். அன்றுமுதல் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி.

ஆனால் பாத்தியில் இரண்டு வருஷமாக ஒன்றும் விளையவில்லை. மூன்றாவது வருஷமும் வெறுமனே கிடந்தால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தோட்டச் சங்க விதி. குளிர்காலத்தின் கடைசி ஞாயிறு செயலாளர் அம்மா பார்வையிட வருவார். மண் கொத்தியிருக்க வேண்டும், நாற்று தயாராக இருக்க வேண்டும். அடுத்து நிற்பவர் கீழ்த்தளத்து சலூன்காரர்.

"மண்ணு கொஞ்சம் இளகுச்சா சார்?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப அக்கறையாகக் கேட்பார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"நீங்க நல்லா கொத்தி வச்சீங்கன்னா எனக்கு வேலை மிச்சம், அதான்."

ஏன் விளையவில்லை என்பது மாமாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். விதையைப் போட்டுவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் மண்ணை விலக்கி, விதையை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பார். முளை விட்டிருந்தால் எந்தப் பக்கம் விட்டிருக்கிறது என்று பார்க்க இன்னொரு தடவை எடுப்பார்.

"தூங்குற பிள்ளையத் தட்டி எழுப்பி, தூங்குறியான்னு கேக்குற மாதிரி இருக்கு நீங்க பண்றது" என்பாள் அக்கா.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படி விட்டுவைக்கிறது?"

இந்த வருஷம் ஆறு வாரம் முன்னதாகவே முட்டை அட்டைகளில் மண் நிரப்பி, ஜன்னலோரம் தக்காளியும் குடைமிளகாயும் போட்டார். முதல் ஈடு செக்கிங்கிலேயே செத்தது. மூன்று வாரம் மீதி இருக்கையில் மறுபடி விதைத்தார். அதே வேகத்தில் தோட்டத்துக்குப் போய், குளிரில் இறுகிக் கிடந்த மண்ணில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். மண் அசையவில்லை, இடுப்பு அசைந்துவிட்டது. நானும் சலூன்காரரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து போட்டோம். பதினைந்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். வெயில் ஏறி மண் இளகியதும் நான்தான் கொத்தினேன். நான்கு மூலையையும் போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னார்.

படுக்கையிலிருந்து தினமும் குரல் வரும். "செக்கிங் ஆச்சா?"

"ஆச்சு" என்பாள் அக்கா, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே.

"எடுத்துப் பாத்தியா?"

"எடுத்துத்தான் பாத்தேன்."

"ஒண்ணுவிடாம?"

"எல்லாம்."

அவள் காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதோடு சரி. மாமாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன். "நீ வாயைத் திறக்காத. பாத்தி போச்சுன்னா நாள் பூரா வீட்லதான் இருப்பார். உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

ஒன்பதாம் நாள் முட்டை அட்டை பச்சையாகிவிட்டது. கடைசி ஞாயிறு செயலாளர் வந்து இருபத்தாறு நாற்றுகளை எண்ணினார்.

"எப்படி சார் இந்தத் தடவை மட்டும்?"

இடுப்புப் பட்டையோடு மாமா நிமிர்ந்து நின்றார். "செக்கிங்தான். நான் படுத்திருந்தப்பகூட வீட்ல ஒரு நாள் விடல."

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். பாத்தி தங்கியது. சலூன்காரர் இரண்டு தக்காளி நாற்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். அடுத்தது பாத்தியில் நேராகப் பீன்ஸ் விதைப்பு. மாமா குச்சி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா கை நீட்டினாள். "அதை இங்க கொடுங்க. இனிமே செக்கிங் என் பொறுப்பு. உங்க கை கனம், நீங்களே பாத்தீங்கல்ல."

மாமா யோசித்தார். நல்ல பரிசோதகரைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா? கொடுத்துவிட்டார்.

இப்போது காலையில் இருவருமாகத் தோட்டத்துக்குப் போகிறார்கள். மாமா களை பிடுங்குவார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மண்ணைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்கு" என்பாள். மாமா தலையாட்டுவார். டிக்கெட் இல்லாமல் வந்த ஆயிரக்கணக்கான பேரை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர்.

பீன்ஸ் நன்றாக வருகிறது.