ஞாயிற்றுக்கிழமையை வென்றவர்கள்
பலெர்மோ, பலாரோ சந்தை, ஞாயிறு காலை. மாடியிலிருந்து காய்கறிக்கூடை கயிற்றில் இறங்குகிறது. இன்று கயிற்றைப் பிடிப்பவர் வீட்டுக்கார அம்மாவான சின்யோராவே. அவரிடம் வேலை செய்யும் மன்னார்ப் பெண் பிலோமினா, கீழே குறிப்பேட்டோடு நிற்கும் என் பக்கத்தில் நிற்கிறாள். இந்தக் கட்டடத்து வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் இனி ஞாயிறு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வேலையே பறிபோகலாம். அவளுக்கு நான் ஒரு பழங்கதை சொல்கிறேன்.

"ரோமர் காலத்திலை இந்தச் சிசிலித் தீவிலை அடிமையள் எழும்பி ஒரு நகரத்தையே பிடிச்சவை, பிள்ளை. ராசாவும் வைச்சுச் சில வருசம் ஆண்டவை."

"ஆர் ஐயா எழுதி வைச்சது?"

"எசமான்ரை ஆக்கள்தான்."

"அப்ப வடிவாத்தான் எழுதியிருப்பினம்!"

மேலிருந்து சின்யோரா கத்துகிறார். பிலோமினா என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள்.

"ஞாயிறு வேண்டாமாம் ஐயா! திங்கள் வந்தால் காணுமாம்!"

நாளைக்கே சின்யோரா இதைத் தன் பெருந்தன்மை என்பார். முதலில் பதிபவர் சொல்வதே வரலாறு. ஊரில் பதிவேடு எழுதியவன் நான்; நடைமுறை எனக்குத் தெரியும். ஆகவே நின்றபடியே எழுதுகிறேன்: பெண்கள் மறுத்தார்கள், வென்றார்கள்.