சவர்க்காரப் பெட்டிக் கணினி

பத்து வயதில் நான் இரண்டு மாதம் கணினியாக இருந்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. சங்கக் கடையில் வாங்கிய, சவர்க்காரக் கட்டிகள் வந்த பெரிய மட்டைப் பெட்டியில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, அதை என் தலையில் கவிழ்த்து, ஓட்டைக்குள்ளால் முகம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்தவர் சின்னம்மா. எனக்கு முன்னால் ஒரு மட்டையில் விசைப்பலகை கீறியிருந்தது. அவர் எழுத்துகளைத் தட்டுவார். உண்மையான கணினி என்ன பதில் சொல்லுமோ அதை நான் சொல்லவேண்டும்.

எங்கள் ஊரான அடம்பனில் அப்போது மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் கணினி என்ற சாமானைக் கண்ணால் கண்டவர் சின்னம்மா ஒருவர்தான். பாதை தடையில்லாமல் திறந்திருந்த நாட்களில் மன்னார் ரவுனில் ஆறு மாதம் படித்திருந்தார். அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நிரல் எழுதப் பழக்க ஆள் தேவை என்று கடிதம் வந்தது. தேர்வு ஒன்றுதான். ஒன்றும் ஏற்றாத கணினியில் நான்கு பிளொப்பித் தட்டுகளிலிருந்து பஸ்கால் மொழியை ஏற்றி, ஒரு சின்ன நிரல் எழுதி, ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடவைத்துக் காட்டவேண்டும். வேலை கிடைத்தால் தங்க ஓர் அறையும் கிடைக்கும். மன்னார் ரவுன் இருக்கிற தீவில் ஆமி இருந்தது, ஆனால் ஷெல் விழுவதில்லை. எங்கள் பக்கம் விழுந்தது. அந்த வேலை ஏன் வேண்டும் என்று வீட்டில் யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

ஆகவே நான் கணினியானேன். பஸ்கால் புத்தகம் ஒன்றின் போட்டோப் பிரதியைப் பார்த்து, திரையில் வரும் ஒவ்வொரு வசனத்தையும் சின்னம்மா ஒரு கொப்பியில் தமிழில் எழுதித் தந்தார். "இரண்டாவது தட்டைப் போடவும்" என்று நான் சொன்னால், மட்டையில் வெட்டிய சதுரம் ஒன்றை என் வாயில் செருகுவார். நான் கிர்ர் என்று இரைவேன். அந்த இரைச்சல் புத்தகத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. இடையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்படி அம்மா என்னைக் கூப்பிட்டால், கணினியை நடுவில் நிற்பாட்டக்கூடாது என்று சின்னம்மாவே எழுந்துபோய் வைத்துவிட்டு வருவார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிழைச் செய்திகள் இருந்தன. எந்தப் பிழை வந்தால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நினைத்த நேரமெல்லாம் பிழை சொன்னேன். ஒருநாள் எல்லாத் தட்டையும் விழுங்கி முடித்து, அவர் நிரலை ஓட்டும் நேரத்தில், "வேண்டிய கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றேன். மொழியை வேறு இடத்தில் ஏற்றினால்தான் அந்தப் பிழை வரும், தான் வழமையான இடத்தில்தானே ஏற்றினேன் என்று சின்னம்மா வாதாடினார். கணினியோடு வாதாடக்கூடாது என்று நான் சொன்னேன். சண்டை முற்றி, அம்மா அகப்பையோடு வந்தார். தங்கச்சியின் எதிர்காலம் உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. அதன்பிறகு நான் நல்ல கணினி, மருந்துக்கும் ஒரு பிழை சொல்லவில்லை. ஆனாலும் ஏச்சு வாங்கித் தந்த பக்கம் என்பதால் அது முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது.

தேர்வு நாளில் துணைக்கு என்னையும் கூட்டிப்போகச் சொன்னது அம்மாதான். எங்கள் பக்கத்தை வைத்திருந்த இயக்கத்திடம், வெளியே போய்வர இரண்டு பேருக்கும் பாஸ் எடுத்தாயிற்று. என் பைக்குள் மூன்று சட்டை வைத்தார். போய்வரும் பயணத்துக்கு ஏன் மூன்று என்று கேட்டேன். பஸ்ஸில் சத்தி எடுப்பாய் என்றார். அது உண்மைதான் என்பதால் நான் மேலே கேட்கவில்லை.

நான் விளங்கி வைத்திருந்தது இவ்வளவுதான். வேலை கிடைத்தால் சின்னம்மா அன்றைக்கே அங்கே தங்கிவிடுவார். என்னை, சந்தைக்கு வந்த ஊராட்கள் யாருடனாவது திருப்பி அனுப்பிவிடுவார். இனி யாரோடு படுப்பது, யார் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது என்பதெல்லாம் பஸ்ஸில் ஏறியபிறகுதான் உறைத்தது. அதுவரை அவர் வெல்லவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு வந்தவள், பாதி வழியில் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆமியின் சோதனைச் சாவடியில் கொப்பி பிடிபட்டது. பெட்டி பெட்டியாகக் கீறி, அம்புக்குறி போட்டு, இலக்கம் இட்டிருந்ததைச் சிப்பாய் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். சின்னம்மா தனக்குத் தெரிந்த நான்கு சிங்களச் சொல்லையும் செலவழித்தார். கடைசியில் அவன், திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள் என்று கையால் காட்டி, கொப்பியை மேசைக்குக் கீழே வைத்துவிட்டான்.

பயிற்சி நிலையத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு கணினியைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னதாக இருந்தது. தேர்வு பார்த்த ஐயா நல்ல மனிதர், என்னைச் சின்னம்மாவுக்குப் பின்னால் கிடந்த வாங்கில் இருக்கவிட்டார். கணினியில் வழமையான இடம் நிரம்பிவிட்டது, வேறு இடத்தில் ஏற்றுங்கோ என்று காட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

சின்னம்மாவின் விரல்கள் மட்டையில் ஓடியது போலவே ஓடின. நான்கு தட்டும் ஒழுங்காக உள்ளே போயின. நிரலை எழுதி ஓட்டினார். நீலத் திரையின் மேலே சிவப்பாக ஒரு வரி வந்தது. வேண்டிய கோப்பைத் திறக்க முடியவில்லையாம் என்று முணுமுணுத்தார். திரும்பவும் ஓட்டினார். மூன்று தரமும் அதே வரி. சுவர் மணிக்கூட்டில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர் கழுத்தில் வியர்வை வழிவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொப்பியில இருந்ததெல்லே பிள்ளை? இது வந்தால் என்ன செய்யிறதெண்டு உனக்கு ஞாபகம் இருக்கே?"

இருந்தது. தெரிவுகள் என்ற இடத்துக்குப் போய், மொழியை ஏற்றிய இடத்தின் பெயரை மாற்றி எழுதவேண்டும். அவ்வளவுதான்.

"இல்லை," என்றேன்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐயா வந்து பார்த்தார். இன்னொரு முறை ஆள் எடுத்தால் அறிவிப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரு விசுக்கோத்தும் தந்தார். நான் அதைச் சந்தோசமாகத் தின்றேன்.

சாவடியில் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் சின்னம்மா கடைசிப் பக்கத்தை விரித்து வாசித்தார். வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டேன். என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இந்தக் கதையை இதுவரை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை, என்னிடமும் கேட்டதில்லை.

பின்னேரம் அம்மா வேலிப் படலையில் நின்றார். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் தலைக்கு மேலால் சின்னம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளையையாவது அங்க விட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வேலை இல்லாமல் எந்த அறையில அக்கா இவளை வச்சிருக்கிறது?"

அம்மா படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

என்னையும் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சின்னம்மாவோடு விட்டுவிடத்தான் அனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற பிள்ளையைத் தொலைவில் விட்டுவிட்டு வரச்சொல்லும் அம்மா எந்த ஊரில் உண்டு? அவருக்கு என்னில் விருப்பமில்லை என்று முடிவுகட்டி, மூன்று நாள் அவர் கையால் சோறு வாங்கவில்லை. அடுத்த மாரியில் ஷெல்லுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் நனைந்துகொண்டு இருந்தபோதுகூட அந்தக் கோபம் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. நான் திரும்பி வந்ததைக் கண்டு அம்மா ஏன் அப்படி அழுதார் என்று கேட்கவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.