அறுபதைத் தொடும் நேரம்

எங்கள் பழைய காரில் பிக்கப் குறைந்தது போலத் தெரிந்தது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று பார்க்க, என் தோஸ்தான மெக்கானிக் ஸ்டாப்வாட்ச்சோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எர்ணாவூர் ரோட்டில், நின்ற வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நேரத்தை அளந்தோம். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வண்டி சுணங்கியது.

"இன்னா மாமு, இங்க வந்தாலே படுத்துக்குது? பிரிச்சிட வேண்டிதான்" என்றார்.

பின்சீட்டில் என் மனைவி சிரித்தாள். "வண்டி நல்லாத்தான் கீது அண்ணே. அம்மன் கோயிலப் பாத்ததும் இவரு ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு கன்னத்துல போட்டுக்கிறாரு."

"மொதல்ல எறங்கி கும்புட்டு வா மாமு!"

நிதானமாகக் கும்பிட்டுவிட்டு, கோயிலைத் தாண்டிக் கிளம்பினேன். முள் சரசரவென்று அறுபதுக்கு ஏறியது. மெக்கானிக் வாட்ச்சைப் பார்த்து, "பிரிக்க வாணாம்" என்றார்.

அம்மன் அருள் என்றேன் நான். மனைவி முறைத்தாள்.