பட்டன் மேல் வைத்த பொட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தேன். ஆயுதபூஜையன்று பழைய கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது முதலாளி, "ஆன் பண்ற பட்டன் மேலயே பெருசா வைப்பா" என்றார். சந்தனத்தைக் குழைத்து அப்பினேன்.

விடுமுறை முடிந்து கடை திறந்தபோது கம்ப்யூட்டர் உயிர் வந்த வேகத்திலேயே அணைந்தது. எத்தனை முறை சுவரில் சுவிட்சைப் போட்டாலும் அப்படித்தான். மெக்கானிக் வந்து பட்டன் ஓரத்தைக் குண்டூசியால் சுரண்டினார்.

"சந்தனம் காஞ்சு, பட்டன் அமுங்குனபடி ஒட்டிக்கிச்சு. யாருண்ணே இம்புட்டு அப்புனது?"

கடை நிறைய ஆட்கள். முதலாளி என்னைக் கைகாட்டினார்.

"இந்தா நிக்கிறானே, இவன்தான். கம்ப்யூட்டருக்கு நலுங்கு வச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தானே வைக்கச் சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. "நாளையிலருந்து வராத" என்றார் முதலாளி.

இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறேன். யார் என்ன வேலை சொன்னாலும், "இங்க வைக்கச் சொன்னது நீங்கதானண்ணே?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்ட பிறகுதான் கை வைக்கிறேன்.

இதை எழுதத் துணிவதற்குள் அடுத்த ஆயுதபூஜையும் போய்விட்டது. எழுதிய நாள், ஐப்பசி இரண்டு.